ஷோரூமைத் தாண்டி

புதிய கார் வாங்குவதா, பழைய கார் வாங்குவதா என்று கேட்கத்தான் தென்னரசு அன்று குருவிடம் வந்தான்.

ஏரிக்கரைக் குடிலில் அப்படி ஒரு கேள்வியை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. சமையலுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பவுனு அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன்டா தம்பி, மூணு வருஷமா இங்க வந்து கண்ணை மூடி உட்கார்ந்ததுல உனக்கு இந்தச் சந்தேகம்தான் வந்துதா?"

தென்னரசு தலையைக் குனிந்துகொண்டான்.

"இருக்கட்டும்," என்றார் குரு. "கணக்குப் போட்டிருப்பியே. கணக்கு என்ன சொல்லுது?"

"பழசுதான் சரின்னு சொல்லுது சாமி. புது வண்டி ஷோரூம் வாசலைத் தாண்டின உடனே விலை விழுந்துடும். அந்த நஷ்டம் முழுக்க முதல்ல வாங்கினவன் தலையில. நாலு வருஷம் ஓடின வண்டின்னா, நமக்கு முன்னாடி வேற ஒருத்தர் அதைப் பட்டு முடிச்சிருப்பார்."

"சரி. பழசு வாங்கு."

தென்னரசு எழுந்திருக்கவில்லை.

"இன்னும் என்ன?"

"வண்டி எனக்கு இல்லை சாமி. எங்க அப்பாவுக்கு."

அவன் அப்பா கன்னியப்பன் ஒரு கார் யார்டில் டிரைவராக இருந்தவர். லாரியில் வந்து இறங்கும் புதுக் கார்களை யார்டிலிருந்து ஷோரூம்வரை ஓட்டிக்கொண்டு போய் விடுவது அவர் வேலை. தூரம் அதிகமில்லை. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றக் கூடாது. ஏசி போடக் கூடாது. வியர்வை பட்டுவிடும் என்பதால் முதுகைச் சாய்க்கக் கூடாது. செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு ஓட்டுவார். ஷோரூம் வாசலில் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் பிடித்து யார்டுக்குத் திரும்புவார். வேலையில் இருந்தவரை புதுக் கார் தவிர வேறு எதையும் அவர் ஓட்டியதில்லை.

அந்தச் சம்பளத்தில்தான் தென்னரசு படித்தான். அவர்கள் வீட்டில் முதல் பட்டதாரி அவன். அதற்கான சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீஸ் போன அன்று, தன் பெயரில் எழுத்துப்பிழை இல்லை என்று உறுதி செய்த பிறகும் பஸ்ஸில் வழியெல்லாம் அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தவன்.

இப்போது கன்னியப்பனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ஷேர் ஆட்டோவில் போய் வருகிறார்.

"டாக்டர் என்ன சொல்றார்?" என்றார் குரு.

"பார்த்துக்கலாம்ங்கறார். எவ்வளவு நாள்னு சொல்ல மாட்டேங்கறார். அதுக்குள்ள அவரைச் சொந்த வண்டில ஒரு தடவை உட்கார வைக்கணும் சாமி. காலம் பூரா புது வண்டியே ஓட்டினவருக்குப் பழசு வாங்கிக் கொடுக்க மனசு வரலை. புதுசு வாங்கப் பயமா இருக்கு. ஆபீஸ்ல கேட்டா, பிடிச்சதை எடு மச்சிங்கறாங்க. அவங்க வீட்டு முதல் காரை அவங்க தாத்தா வாங்கியிருப்பார். தப்பாப் போனா தூக்கிவிட எங்க வீட்ல யாரும் இல்லை."

குரு அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"கார் வாங்கி அவரை எங்கே கூட்டிட்டுப் போவே?"

 

"ஆஸ்பத்திரிக்கு," என்றான் தென்னரசு.

"அது டாக்டர் வரச் சொன்ன இடம். அவருக்கு எங்கே போகணும்?"

"கேட்டதில்லை சாமி."

"கேட்டுட்டு வா."

ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த டீக்கடையில் தென்னரசு அப்பாவிடம் கேட்டான். டயாலிசிஸ் முடிந்து வந்திருந்தார். தண்ணீருக்கும் டீக்கும் டாக்டர் அளவு சொல்லியிருந்ததால் ஒரு டீயை வாங்கி இருவரும் பாதிப் பாதி குடித்தார்கள்.

"கார்ல போறதா இருந்தா எங்கப்பா போகணும் உனக்கு?"

கன்னியப்பன் டம்ளரைச் சுற்றிக்கொண்டே யோசித்தார்.

"ஷோரூமைத் தாண்டிப் போகணும்டா."

"தாண்டி எங்க?"

"எங்கயும் இல்ல. தாண்டினா போதும்."

"அங்க என்ன இருக்கு?"

"என்ன இருக்கு, ஒரு மண்ணும் இல்ல. பஸ்ல எவ்வளவோ தடவை போயிருக்கேனே. ஆனா கார்ல போனா ஷோரூம் வாசல் வந்ததும் கால் தன்னால பிரேக்குக்குப் போயிடும். ஒரு தடவை நிக்காம போகணும். வாட்ச்மேன் கேட்டைத் தொறந்துக்கிட்டு நிப்பான் பாரு, அவனுக்கு ஒரு டாட்டா காட்டிட்டுப் போய்க்கிட்டே இருக்கணும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரித்ததில் மூச்சு வாங்கியது.

மார்கழி பிறந்த பிறகுதான் தென்னரசு மறுபடி குடிலுக்கு வந்தான். அப்பா சொன்னதைச் சொன்னான்.

"காசி, ராமேஸ்வரம்னு கேப்பாருன்னு பார்த்தேன்," என்றாள் பவுனு அக்கா. "செலவே வைக்காத மனுஷன்."

"கூட்டிட்டுப் போனியா?" என்றார் குரு.

"வண்டி வேணுமே சாமி. முதல்ல ரெண்டு வண்டியிலயும் அவரை உட்கார வெச்சுப் பார்த்தேன். புது வண்டில ஏறும்போது செருப்பைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டார். சேல்ஸ்மேன் பையன், அங்கிள், செருப்போடயே ஏறுங்க, உங்க வண்டி மாதிரி நினைச்சுக்குங்கன்னான். அப்பா சாயவே இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்துக்கிட்டு, எங்க கொண்டுபோய் விடணும் தம்பின்னு அவனையே கேட்டார்."

பவுனு அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"பழைய வண்டில?"

"அதுல உட்கார்ந்ததும் நல்லாச் சாய்ஞ்சுட்டார் சாமி. அப்படியே தூங்கிட்டார். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இதையே முடிச்சுடலாம்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு முழிச்சுப் பார்த்து, நல்ல வண்டிடா, யாரோடதுன்னார்."

இந்த முறை பவுனு அக்காவும் சிரிக்கவில்லை.

"அப்புறம்?"

தென்னரசுவின் முகம் தெளிந்தது. "புதுசே வாங்கிட்டேன் சாமி. கணக்கே மாறிடுச்சு. இது வருஷக் கடைசி. வருஷம் மாறினா போன வருஷத்து வண்டின்னு ஆயிடும்னு கையில இருக்கறதைத் தள்ளிவிடப் பார்க்கறாங்க. மார்கழின்னு வாங்கறவங்களும் கம்மி. நல்ல தள்ளுபடி. பழைய வண்டிக்கு லோன் வட்டி அதிகம். ரிப்பேர் எவ்வளவு வரும்னும் தெரியாது. எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா வித்தியாசம் கொஞ்சம்தான். அப்பாவுக்குப் புதுசும் ஆச்சு, எனக்குக் கணக்கும் சரியா வந்தது."

அவன் அவ்வளவு சத்தமாகப் பேசி அந்தக் குடிலில் யாரும் கேட்டதில்லை.

"வண்டி எங்கே?"

"யார்ட்ல நிக்குது. அப்பா வேலை செஞ்ச அதே யார்டு சாமி! பணம் கட்டியாச்சு. மார்கழில வீட்டுக்குப் புது வண்டி வரக்கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. தை பிறக்கட்டும்னு விட்டிருக்கோம்."

"அப்பா என்ன சொன்னார்?"

"தைல எடுத்துக்கலாம்டா, வண்டி எங்க ஓடிப்போகுதுன்னார்."

குரு தலையசைத்தார். பிறகு கேட்டார்.

"சொந்த வண்டிலதான் தாண்டணும்னு அவர் சொன்னாரா?"

தென்னரசு யோசித்தான். பொய் சொல்ல அவனுக்கு வராது.

"இல்லை சாமி. அது நான் சேர்த்துக்கிட்டது."

சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டிருந்தது. பவுனு அக்கா வரிசையாக இலை போட்டாள். சோற்றோடு தென்னரசுவின் இலைக்கு அவள் வந்தபோது குரு கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவனுக்கு வைக்காதே. அவன் தைல சாப்பிடுவான்."

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"தைல வந்தா புதுச் சோறு சாமி," என்றாள் பவுனு அக்கா. "இன்னைக்கே வேணும்னா தள்ளுபடி போட்டுத் தரேன்."

தென்னரசுவும் சிரித்தான். குரு தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு அவரே சோற்றை வாங்கி அவன் இலையில் வைத்து, ரசம் ஊற்றினார்.

"ஆறிடும். சாப்பிடு."

தென்னரசு நன்றாகச் சாப்பிட்டான். இரண்டாம் முறையும் ரசம் கேட்டு வாங்கிக்கொண்டான்.

தை மாதம் அவன் காரில் வந்தான்.

பவுனு அக்கா காரைத்தான் முதலில் பார்த்தாள். "வந்துடுச்சா வண்டி!" என்று ஈரக் கையோடு ஓடி வந்தவள், இறங்கியவனின் மழித்த தலையைப் பார்த்து அப்படியே நின்றாள்.

குரு வெளியே வந்தார்.

"எப்போ?"

"போகிக்கு முந்தின வாரம் சாமி. டயாலிசிஸ் முடிஞ்சு ஆட்டோல வந்து இறங்கினார். தண்ணி கேட்டார். பாதி டம்ளர் கொடுத்தேன்." கொஞ்சம் நிறுத்தினான். "இன்னும் கொஞ்சம்னார். அளவு அவ்வளவுதான்பான்னு சொல்லிட்டேன்."



குரு காரின் முன்கதவைத் திறந்தார். செருப்பைத் தரையில் விட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். சீட்டின் பிளாஸ்டிக் உறை கழற்றப்படாமல் இருந்தது. அது அவருக்குக் கீழே நொறுநொறுவென்று சத்தம் போட்டது. தென்னரசு சுற்றிக்கொண்டு வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான்.

"ஷோரூம்ல மாலை, கேக் எல்லாம் வெச்சிருந்தாங்க," என்றான். "அந்தச் சேல்ஸ்மேன் பையன் என் தலையைப் பார்த்துட்டு, திருப்பதியா சார், வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி போய்ட்டு வந்தீங்களா, சூப்பர் சார்னான். ஆமான்னு சொல்லிட்டேன். போட்டோ எடுத்தாங்க. நின்னேன்."

குரு கேட்டுக்கொண்டிருந்தார்.

"விக்கலாமான்னு விசாரிச்சேன். வாசலைத் தாண்டிட்டதால இனிமே இது பழைய வண்டிதானாம். வித்தா நஷ்டம். வெச்சிருந்தா மாசா மாசம் தவணை. அம்மா இதுல ஏற மாட்டேங்கறாங்க. வாசல்ல நிக்கவும் கூடாதுங்கறாங்க. தெருமுனையில விட்டு வெச்சிருக்கேன்."

அவன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"எங்க ஊர் மயானம் ஷோரூமுக்கு அந்தப் பக்கம் சாமி. எனக்கு அது தோணவே இல்லை. அமரர் ஊர்தியில அப்பா தலைமாட்டுல உட்கார்ந்திருந்தேன். ஷோரூம் வாசல் வந்துச்சு. வாட்ச்மேன் எழுந்து நின்னு தொப்பியைக் கழட்டினார். டிரைவர் நிறுத்தலை. போய்க்கிட்டே இருந்தார்."

பவுனு அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குடில் சுவரில் சாய்ந்தாள்.

"ஒரு வாடகை வண்டி போதும் சாமி. அரை நாள் வாடகை. அவர் சொன்ன அன்னைக்குச் சாயங்காலமே போய்ட்டு வந்திருக்கலாம். நான் அதைக் கணக்குலயே எடுக்கலை. புதுசா பழசான்னு ராத்திரியும் பகலும் போட்டேனே, அதுல இந்த வரி இல்லவே இல்லை."



தென்னரசு குருவின் பக்கம் திரும்பினான். குடிலுக்கு வர ஆரம்பித்த நாளிலிருந்து அவன் அவரை அப்படி நேராகப் பார்த்ததில்லை.

"நீங்க சொல்லியிருக்கலாம் சாமி. இன்னைக்கே கூட்டிட்டுப் போடான்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்லாம என் இலையை வெச்சு விளையாடினீங்க. நான் மடையன், சிரிச்சேன். நீங்களும் சிரிச்சீங்க. எனக்குத்தான் தெரியலை. உங்களுக்குத் தெரியும்னுதானே உங்ககிட்ட வந்தேன்? ஏன் சொல்லலை?"

"டேய் தென்னரசு," என்றாள் பவுனு அக்கா.

குரு கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். கன்னியப்பன் உட்கார வேண்டிய சீட்டில், முதுகைச் சாய்க்காமல், கண்ணாடிக்கு வெளியே வெறும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் தைவரைக்கும் இருப்பார்னுதான்ப்பா நினைச்சேன்," என்றார்.