அத்திவேரும் பெருச்சாளியின் வடிகாலும்

ஓடைக்கரையில் ஓர் அத்திமரம். அதன் அடியில் ஒரு பெருச்சாளிக் குடும்பம் வளை தோண்டிக் குடியிருந்தது. அப்பன் பெயர் கோரையன், அம்மா பெயர் செம்பி. கண் திறந்து கொஞ்ச நாளே ஆன நான்கு குட்டிகள். குட்டிகள் தூங்க ஓர் அறை, அதை ஒட்டி நெல் சேர்த்துவைக்க ஓர் அறை. மழைத்தண்ணீர் உள்ளே இறங்கினால் ஓடைக்கு வடிந்து போக, மண்ணுக்கடியில் நீளமாக ஒரே ஒரு வடிகால்.

அந்த வடிகால்தான் அடிக்கடி அடைத்துக்கொண்டது. அத்திமரத்தின் வேர் ஈரத்தைத் தேடி அதற்குள் புகுந்திருந்தது. கொஞ்சம் பலமாக மழை பெய்தால் போதும், குட்டிகளின் படுக்கை வரைக்கும் தண்ணீர் ஏறிவிடும். உடனே கோரையன் வடிகாலுக்குள் புகுந்து வேரைக் கறுக் கறுக்கென்று கடித்து எறியும். தண்ணீர் மடமடவென்று வடிந்துவிடும்.

பெருச்சாளிக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், தெரியுமல்லவா? எதையாவது கடித்துக்கொண்டிருந்தால்தான் அதற்கு நிம்மதி. ஆகவே அடைப்பு எடுப்பது கோரையனுக்கு ஒரு வேலையாகவே தெரியவில்லை. போதாததற்கு வயல் எலிகள் வேறு, "கோரையன் பல்லுன்னா பல்லுதான்!" என்று ஏற்றிவிட்டன. நாலு பேர் புகழ்கிற வேலையை யார்தான் லேசில் விடுவார்கள்? கோரையனும் விடவில்லை.

வேலை முடிந்து வரும்போது அதன் மீசையெல்லாம் வேர்ப்பால் ஒட்டியிருக்கும். குட்டிகள் முண்டியடித்துக்கொண்டு வந்து அதை நக்கும். கடைக்குட்டி அந்த மீசையைப் பிடித்தபடியே தூங்கிப்போகும். பாவம், அப்பன் வாசனை என்றால் அதற்கு வேர்ப்பால் வாசனைதான்.

செம்பிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. முன்பெல்லாம் எப்போதோ ஒரு தடவை அடைத்த வடிகால் இப்போது ஒவ்வொரு மழைக்கும் அடைக்கிறதே என்று அதற்குக் கவலை. ஓடையில் இருந்த நண்டைக் கூட்டிவந்து, உள்ளே போய்ப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டது. நண்டு பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து உள்ளே போனது. வெகுநேரம் கழித்து, உடம்பெல்லாம் வேர்நார் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது.

"தம்பி, நீ ஒரு வேரைக் கடிச்சா அந்த இடத்துல ஒரு கொத்து முளைக்குது. உள்ளே துடைப்பம் மாதிரி அடர்ந்து கிடக்கு. மேல்மண்ணும் விரிசல் விட்டிருக்கு. இதை மூடிட்டு வேற பக்கமா வெட்டிடு" என்றது நண்டு.

எந்தப் பக்கம் வெட்டுவது என்பதையும் செம்பி யோசித்து வைத்திருந்தது. மரத்துக்கு எதிர்ப்பக்கம் நெல் அறை இருந்தது. அதற்குள்ளாக வெட்டினால் வேர் தொல்லை இல்லை, சரிவும் நன்றாக இருக்கும். ஆனால் நெல்லையெல்லாம் வெளியே அள்ள வேண்டும். பாதி அறையும் போய்விடும்.

கோரையனுக்கு அதுதான் பிடிக்கவில்லை. அறுவடைக் காலம் முழுக்க நாய்க்கும் ஆந்தைக்கும் தப்பிச் சேர்த்த நெல்லாயிற்றே! வளை தோண்டுவதைப் பற்றி நண்டுக்கு என்ன தெரியும் என்று முணுமுணுத்தது. நண்டும் வளையில்தான் குடியிருக்கிறது என்பது அந்த நேரத்தில் அதற்கு ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது.

"இந்த மழைக்காலம் போகட்டும் செம்பி, அப்புறம் பார்த்துக்கலாம். அதுவரைக்கும் என் பல்லு இருக்கு" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிட்டது. செம்பி அதற்கு மேல் சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம்.

ஐப்பசியில் ஒரு நாள் காலையிலேயே அடைமழை பிடித்துக்கொண்டது. வளைக்குள் தண்ணீர் இறங்கியது. வடிகால் வழக்கம்போல அடைத்துக்கொண்டது. செம்பி கடைக்குட்டியை வாயில் கவ்விக்கொண்டு மேலே ஏறப் பார்த்தது. கோரையன் குறுக்கே வந்து மறித்தது.

"வெளியே கொட்டுது. பிள்ளைங்க நனைஞ்சு விறைச்சுப் போயிடும். இறக்கி விடு, ஒரு நிமிஷத்துல நான் திறந்துடறேன்."

எத்தனையோ தடவை திறந்த பல்லாயிற்றே. செம்பி நம்பியது. கடைக்குட்டியைத் திரும்பவும் படுக்கையில் இறக்கி விட்டது.

கோரையன் வடிகாலுக்குள் பாய்ந்து கடித்தது. கடித்த துண்டுகள் தண்ணீரோடு போகவில்லை. அடுத்த கொத்தில் போய்ச் சிக்கி, அடைப்பை இன்னும் இறுக்கின. அது விடாமல் கடித்தது. வாயெல்லாம் ரத்தம். கடைசியில் விரிசல் விட்டிருந்த மேல்மண் இடிந்து விழுந்து வழியையே மூடிவிட்டது. இடிந்த ஓட்டை வழியாகக் கோரையன் எப்படியோ தப்பி மேலே வந்தது.

மேலே செம்பி நின்றிருந்தது. தண்ணீர் திடீரென்று ஏறியபோது வாய்க்கு அகப்பட்ட ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு ஏறியிருக்கிறது. திரும்பிப் போவதற்குள் அறை கூரை வரைக்கும் நிரம்பிவிட்டது. அது கொண்டுவந்தது கடைக்குட்டியை அல்ல.

"நான்தானே இறக்கி விடச் சொன்னேன், செம்பி. நான்தானே சொன்னேன்" என்று கோரையன் சேற்றில் விழுந்து புரண்டு அழுதது. செம்பி மிஞ்சிய குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மழையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

மழை விட்டு, தண்ணீர் மண்ணில் சுவறிய பிறகு கோரையன் வளைக்குள் இறங்கியது. குட்டிகளை வெளியே எடுத்து ஓடைக்கரையில் புதைத்தது. நெல் அறையில் நெல் முழுவதும் ஊறி, முளைவிட்டு, நாறிக் கிடந்தது. அதை வெளியே தள்ளிவிட்டு, செம்பி காட்டியிருந்த அதே பக்கமாக வெட்டத் தொடங்கியது. பொழுது சாய்வதற்குள் புது வடிகால் முடிந்துவிட்டது. ஒரு பகல், அவ்வளவுதான் வேலை.

அடுத்த மழையும் பலமாகத்தான் பெய்தது. உள்ளே இறங்கிய தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தங்காமல் புது வழியில் ஓடைக்குப் போனது. செம்பி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தது.

"வடியுது" என்றது.

மிஞ்சிய குட்டி எழுந்து வந்து அப்பனுடைய மீசையை முகர்ந்து பார்த்தது. வேர்ப்பால் இல்லை, வெறும் மண்தான் இருந்தது. அது திரும்பிப் போய் அம்மாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

திரும்பத் திரும்ப வருகிற கேட்டை அப்போதைக்கு அப்போது சரிக்கட்டிக்கொண்டே இருந்தால், அதை அடியோடு தீர்க்கிற நாளில் நாம் யாருக்காகத் தீர்க்கிறோமோ அவர்கள் இருக்க மாட்டார்கள்.