காருக்குள் இருந்தவை

பெட்ரோல் பங்கில் காரை அணைக்காமலேயே இறங்கினார் கவுன்சிலர் தணிகாசலம்.

"வண்டியை இப்படியே விட்டுட்டுப் போகாதீங்க சார்," என்றாள் டீசல் போடும் பூங்கோதை, பின் சீட்டை எட்டிப் பார்த்தபடி.

"என் வண்டியில எவன் கை வைப்பான்? உன் வேலையைப் பாரு!" என்று கத்திவிட்டு எதிரே டீ குடிக்கப் போனார்.

திரும்பி வந்தால் காரைக் காணோம்.

"அஞ்சு நிமிஷத்துல கார் வரணும். இல்லேன்னா உன் வேலை போச்சு!"

"உள்ள என்னென்ன இருந்துச்சு சார்? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"ரெண்டு செல்போன், லேப்டாப், தலைவருக்குப் போத்துற பொன்னாடை. அவ்வளவுதான்!"

பூங்கோதை சாவியை அவர் காலடியில் வீசினாள்.

"காரை நான்தான் பின்னாடி நிறுத்தியிருக்கேன். அதுல தூங்கிட்டிருந்த உங்க பேத்தி ஆபீஸ்ல பிஸ்கட் சாப்பிடுது. பொன்னாடை ஞாபகம் இருக்கு, பிள்ளை ஞாபகம் இல்லையா?"