நெருப்பு மலையை நடந்தே கடந்த குருவி

இந்தக் கதையை நான் நேரடியாகக் கேட்கவில்லை. கல்லூரி விடுதியில் என் அறையில் இருந்த மேகமலைப் பெண் செண்பகவல்லி சொன்னாள்; அவளுக்குச் சொன்னவர் அவளுடைய சித்தப்பா. நடுவில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் அது என் மறதியாக இருக்கலாம்.

மிருகங்களும் பறவைகளும் வாய்விட்டுப் பேசிக்கொண்ட காலம் அது. நெருப்பு மலை ஒன்று குமுறி, அடிவாரத்து ஓடைகளை எல்லாம் வற்றவைத்துவிட்டது. மலைக்கு அப்பால் ஓர் அருவி விழுவதாகப் பூங்குருவி கேள்விப்பட்டிருந்தது. அப்போது அந்தக் குருவி பால்வெள்ளை. பறந்து போகப் பார்த்தது. அனல் கீழே தள்ளிவிட்டது.

"நடந்துதான் போகணும். நான் முன்னால போறேன்," என்று தாகத்தில் தவித்த மிருகங்களிடம் சொன்னது.

"இந்தக் குச்சிக்காலை வச்சுக்கிட்டா?" என்று சிரித்தது முள்ளம்பன்றி. "சாம்பல்ல உன்னைத் தேடவே பொழுது போயிடுமே, தாயி!"

"தேட வேண்டாம் அண்ணே. சீட்டியடிச்சுக்கிட்டே போறேன். சூடு ஆறின கல்லுலதான் நிப்பேன். சத்தம் வர்ற இடத்துல காலை வைங்க."

குருவியின் பின்னால் முள்ளம்பன்றி, குட்டியோடு சருகுமான் என்று எல்லாரும் புறப்பட்டார்கள். வெள்ளை ஆவிக்குள் ஒருவருக்கொருவர் தெரியவில்லை. கறுத்துச் சுருண்ட பாறைகள், மஞ்சள் பூத்த பிளவுகள், காலடியில் உறுமும் நிலம். குருவிக்குப் பயம்தான், ஆனாலும் அவற்றிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. சீட்டியை மட்டும் விடவில்லை.

திடீரென்று ஆவி விலகியது. எதிரே, வானத்தையே அவிழ்த்துவிட்டாற்போல் அருவி! குருவி வாய் பிளந்து நின்றது. சீட்டி நின்றுபோனது.

"ஐயோ, என் குட்டியைக் காணோமே!" என்று பின்னால் சருகுமான் அலறியது.

குருவி திரும்பி ஆவிக்குள் ஓடியது. கனலும் பிளவின் விளிம்பில் குட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. அங்கே ஆறின கல்லே இல்லை. குருவி பிளவுக்கும் குட்டிக்கும் நடுவே போய் நின்றது.

"என் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே வா, கண்ணு."

பொறி பட்டு இறகுகள் கருகின. சீட்டி அறுபடவில்லை.

அருவியடியில் வந்து விழுந்தபோது குருவி வெறும் கரி. சாரல் தொட்ட நெற்றியிலும் தோளிலும் மட்டும் நீலம் பற்றிக்கொண்டது.

"இப்படி ஆயிட்டியே, தாயி!" என்றது முள்ளம்பன்றி.

"குட்டி?"

"அதோ, அவசரமா குடிச்சு விக்கிக்கிட்டிருக்கு."

குருவி எழுந்து, ஆவியைப் பார்த்து மறுபடி சீட்டியடித்தது. பின்னால் இன்னும் யாராவது வரலாம் அல்லவா? அன்றைக்குப் பிறகுதான் பூங்குருவி கறுத்தது. அருவியோரம் நின்று ஓயாமல் கூப்பிடவும் தொடங்கியது.

பிறகு பறவை நூலில் பார்த்தேன். சீகாரப் பூங்குருவிக்கு உடல் கருமை. நெற்றியிலும் தோளிலும் பளபளக்கும் நீலம். மலையோடைப் பாறைகளில் வாழும். அதன் குரல், யாரோ ஒருவர் சீட்டியடித்தபடி நடந்து போவது போலவே இருக்கும்.