வரப்போகிறவர் குழி

அந்தக் காலத்தில், நடுக்கடல் தீவு ஒன்றின் பள்ளத்தாக்கில் மனிதரும் மற்ற உயிர்களும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு புரட்டாசி முதல் நாள் காலையில் ஊற்றுப் பாறையில் கூடியிருந்தவர்கள் இவர்கள்: மலைப்புறா ஒன்பது, பழந்தின்னி வௌவால் ஆறு, தவளை எட்டு, அணில் ஏழு, உடும்பு இரண்டு, மீன்கொத்தி இரண்டு, சாரைப்பாம்பு ஒன்று, கிழட்டு ஆமை ஒன்று, கூத்தன், அவன் மனைவி பொன்னாத்தை, செந்நண்டு ஒன்று, இவர்களை எண்ணுகிற உள்ளான் குருவி ஒன்று. மொத்தம் நாற்பது.

மழை ஐப்பசிக் கடைசியில்தான் வரும். அதற்கு முன்பே ஊற்று வற்றிவிடும். வற்றுகிற ஊற்று கடைசியாகக் கசிந்து பாறையில் உள்ள குழிகளை நிரப்பிவிட்டு நிற்கும். மழை வரும்வரை அந்தக் குழித் தண்ணீர்தான் எல்லோருக்கும். ஆளுக்கு ஒரு குழி. நல்ல வருடத்தில் எழுபது குழிகள்கூட நிரம்பியது உண்டு. அந்த வருடம் நிரம்பியவை நாற்பத்தொன்று.

பங்கு பிரிக்க இரண்டு முறைகள் வைத்திருந்தார்கள். பெயர் கூப்பிட்டதும் குரல் கொடுத்தவருக்கே குழி என்பது ஒன்று. ஒரு குழியை யாருக்கும் கொடுக்காமல் ஒதுக்க வேண்டும் என்பது இன்னொன்று. ஒதுக்குகிற குழி சின்னதாக இருக்கக் கூடாது. இருப்பதில் ஆழமானதாக, புன்னை மரத்து நிழலில் இருப்பதாக வேண்டும். அதற்கு ‘வரப்போகிறவர் குழி’ என்று பெயர். புயலில் வழி தவறிய பறவைக்கு, அலையில் கரை ஒதுங்கிய உயிருக்கு அந்தத் தண்ணீர். கூத்தனும் பொன்னாத்தையும் ஒரு மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டு இந்தத் தீவில் வந்து விழுந்த அன்று வாய் நனைத்தது அந்தக் குழியில்தான்.

உள்ளான் கூச்ச சுபாவம். கூட்டத்தில் வேறு பேச்சுக்கு வாய் திறக்காது. எண்ணும்போது மட்டும் அதன் குரல் கணீரென்று வரும். பதினொரு வருடமாக அது எண்ணியதில் ஒரு தலைகூடத் தப்பியதில்லை. அதில் அதற்குப் பெருமை உண்டு. வெளியே சொன்னதில்லை.

அன்றும் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு வந்தது. வௌவால்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே குரல் கொடுத்தன.

“நேரா நின்னு சொன்னாத்தான் கணக்கு” என்றது உள்ளான்.

“தலை இருக்கா இல்லையான்னு பாருப்பா. எந்தப் பக்கம் இருக்குன்னா பாக்கிறே?” என்றான் கூத்தன். எல்லோரும் சிரித்தார்கள். உள்ளான் விட்டுவிட்டது.

கடைசியாகக் கூப்பிட்டது, “செந்நண்டு.”

“இருக்கேன் தம்பி” என்றது நண்டு. “நான் மட்டும் இல்லை. பிள்ளைகளும் இருக்கு. சேர்த்து எண்ணு.”

வயிற்று மடிப்பைக் கொஞ்சம் திறந்து காட்டியது. உள்ளே கடுகைவிடச் சிறிய கருஞ்சிவப்பு முட்டைகள் அடை அடையாக ஒட்டியிருந்தன. நண்டின் புருஷன் ஆடி மாத வெயிலில் செத்துப்போயிருந்தது. பள்ளத்தாக்கில் மிஞ்சிய ஒரே நண்டு இதுதான். இந்த முட்டைகளும் போனால் நண்டுக் குலமே அங்கே அற்றுப்போகும். அது எல்லோருக்கும் தெரியும்.

“எத்தனை நண்டக்கா?”

“நீதானே கணக்கன். பாத்துச் சொல்லு.”

உள்ளான் குனிந்து எண்ணியது. இருநூற்றுப் பதினாலு வரை போனது. நண்டு மூச்சு விட்டதில் முட்டைகள் அசைந்து, எது எண்ணியது, எது எண்ணாதது என்று தெரியாமல் போயிற்று. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. மூன்றாம் தரமும் தப்பியது.

“கணக்கரே, எள்ளுக்காய உடைச்சு எண்ணிப் பழகிட்டு வாங்க!” என்று மேலேயிருந்து ஒரு வௌவால் கத்தியது.

உள்ளானுக்கு முகம் சுட்டது. பதினொரு வருடத்தில் யாரும் அதன் கணக்கைப் பார்த்துச் சிரித்ததில்லை. நிமிர்ந்தது.

“பேர் சொன்னா இதுங்க குரல் குடுக்குமா?”

“பிறக்கவே இல்லையே தம்பி. எப்படிக் குடுக்கும்?”

“அப்போ இருக்கிறவங்க கணக்கில வராது. உனக்கு ஒரு குழி உண்டு. அதோ, மேற்கு ஓரத்துல.”

அந்தக் குழி உள்ளங்கை அகலம். பகல் முழுக்க வெயில் விழும் இடம். உச்சிப்பொழுதில் விரலை வைத்தால் சுடும்.

நண்டு அதைப் பார்த்தது. “சரி. அப்போ வரப்போறவர் குழியக் குடு. நாலு நாள்ல பொரியப்போகுது. ஆழமா, குளிர்ச்சியா தண்ணி இருந்தாத்தான் பிழைக்கும்.”

“அது வெளியே இருந்து வர்றவங்களுக்கு. இதுங்கதான் இங்கேயே இருக்கே.”

கிழட்டு ஆமை ஓட்டுக்குள்ளிருந்து கழுத்தை நீட்டியது. “ஏன்டா, இப்பத்தானே இல்லைன்னு சொன்னே?”

“ஆமையாரே, அது குரல் கணக்கு. இது இடக் கணக்கு. ரெண்டையும் குழப்பக் கூடாது.”

பொன்னாத்தைக்கு அப்போது நாலு மாதம். அவள் முன்னால் வந்தாள். “நண்டக்கா, எங்க ரெண்டு குழியில ஒண்ணை எடுத்துக்க. நாங்க ஒண்ணுல சமாளிச்சுக்கிறோம்.”

“உன் மனசு பெரிசு பொன்னாத்தை. ஆனா உன் வயிறக் காயப்போட்டு என் பிள்ளைங்க பிறக்க வேண்டாம். அதுங்களுக்கும் இந்தப் பள்ளத்தாக்குல பங்கு இருக்குன்னு கணக்கன் ஒரு வார்த்தை சொல்லட்டும். அது போதும்.”

எல்லோரும் உள்ளானைப் பார்த்தார்கள். ஊற்றில் கடைசிச் சொட்டு விழுகிற சத்தம் கேட்டது. கொடுத்துவிடலாமா என்று உள்ளானுக்கும் ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் தொகை தெரியாத ஒன்றை எப்படிக் கணக்கில் ஏற்றுவது? மறுபடி வௌவால் சிரித்தால்?

இல்லை என்று தலையை ஆட்டியது.

நண்டு அதற்குமேல் கேட்கவில்லை. ஊற்றுக்கு முதுகு காட்ட மனம் வராமல், பக்கவாட்டாகவே ஓடைத் தடத்தில் இறங்கியது. இரண்டு மலைகளுக்கும் நடுவே, காய்ந்த கூழாங்கற்களின்மேல், ஒரு சிவப்புப் புள்ளியாக அது கீழே போவதை உள்ளான் பார்த்துக்கொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடும் என்று நினைத்தது. கடல் உப்பு. நண்டு நல்ல தண்ணீரில் வளர்ந்தது. வேறு எங்கே போகும்?

பொழுது சாய்ந்தது. நண்டு வரவில்லை. மறுநாள் காலை பெயர் கூப்பிட்டபோது முப்பத்தொன்பது குரல்.

அதன்பிறகு உள்ளான் தினமும் விடியலில் புன்னை மரத்தடிக்குப் போய்ப் பார்த்தது. வரப்போகிறவர் குழி தளும்பத் தளும்ப இருந்தது. யாரும் வரவில்லை. பத்தாம் நாள் மேற்கு ஓரத்து நண்டுக் குழி யாரும் குடிக்காமலே காய்ந்தது. பதினெட்டாம் நாள் அணில்கள் குழியின் அடியை நக்கின. இருபத்துமூன்றாம் நாள் ஒரு வௌவால் மயங்கிக் கிளையிலிருந்து விழுந்தது. பொன்னாத்தை தன் பங்கில் நாலு சொட்டு ஊற்றி அதை எழுப்பினாள். அன்றும் யாரும் ஆழமான குழியைத் தொடவில்லை. அது வரப்போகிறவருக்கு உரியது.

ஐம்பத்தோராம் நாள் மழை வந்தது.

நல்ல மழை. எல்லோரும் பாறையில் நின்று நனைந்தார்கள். வெறுமையாகக் கிடந்த நாற்பது குழிகளும் மெல்ல மெல்ல நிரம்பத் தொடங்கின. நாற்பத்தோராவது குழி முதல் துளியிலேயே வழிந்தது. ஐம்பது நாள் காத்துக் கிடந்த தண்ணீர், ஒரு வாய்கூடப் படாத தண்ணீர், ஓடைக்குள் இறங்கிக் கடலைப் பார்த்துப் போயிற்று.

உள்ளான் அது போவதைப் பார்த்தது.

“இந்த வருஷம் யாரும் வரலை” என்றது, யாரிடம் என்றில்லாமல்.

“வந்தாங்க” என்றாள் பொன்னாத்தை. “வந்து உன் முன்னால நின்னாங்க. நீ வாசல்லயே திருப்பி அனுப்பிட்டே.” பிறகு ஈரச் சேலையோடு தன் வயிற்றைத் தொட்டுக்கொண்டாள். “இதையும் நீ எண்ணலை. அன்னைக்கே நான் சண்டை போட்டிருக்கணும். எனக்குத்தான் குழி இருக்கேன்னு சும்மா இருந்துட்டேன்.”

உள்ளான் தண்ணீரோடு தண்ணீராக ஓடையில் இறங்கி ஓடியது. பறக்க வேண்டும் என்றுகூட அதற்குத் தோன்றவில்லை.

கடற்கரையில், தாழம்புதரின் வேரடி ஈரத்தில், நண்டு உட்கார்ந்திருந்தது. மெலிந்திருந்தது. வயிற்று மடிப்பு ஒட்டிக் கிடந்தது.

“அக்கா, பிள்ளைங்க?”

“கடல்ல விட்டேன்.”

“எத்தனை?”

“கடல் அதைக் கேக்கலை தம்பி. வந்ததை வாங்கிக்கிச்சு.”

“மீன் தின்னுடுமே. அலை அடிச்சுட்டுப் போயிடுமே.”

“ஆமா.”

“அக்கா, மேலே வா. ஊற்று நிரம்பிடுச்சு. ஆழமான குழி…”

“இப்ப எதுக்கு?” என்றது நண்டு. பிறகு எழுந்து, வந்த தடத்திலேயே பக்கவாட்டாக மலை ஏறியது. நாலடி போய் நின்று, திரும்பாமல் சொன்னது: “தப்பிச்சதுங்க என்னைக்காவது கரை ஏறும். வழி தெரியாது. யாராவது இருந்தா நல்லது.”

உள்ளான் ஏறவில்லை. அலை ஓரத்திலேயே நின்றது. அலை பின்வாங்கியபோது பின்னாலேயே ஓடி, நுரையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தது. அடுத்த அலை வந்ததும் கரைக்கு ஓடியது. பார்த்த இடத்தை அலை அழித்துவிட்டதால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. நாலாம் நாள் விடியலில் ஈர மணலில் நகக்கண் அளவு ஒரு சிவப்பு அசைந்தது. உள்ளான் அதனிடம் பெயர் கேட்கவில்லை. குரல் கேட்கவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டியது. ஓடைத் தடத்தைக் காட்டிவிட்டு அலையிடம் ஓடியது.

அன்று முதல்தான் அந்தத் தீவுச் செந்நண்டுகள் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் ஊற்றை நம்பாமல், பிள்ளைகளைச் சுமந்துகொண்டு மலையிலிருந்து கடல்வரை நடக்கின்றன. பள்ளத்தாக்குக்காரர்கள் அந்த நாட்களில் தடத்தில் கால் வைப்பதில்லை. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் வயிற்றில் இருப்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள். அன்று முதல்தான் உள்ளான் பள்ளத்தாக்கை விட்டு அலைக்கு முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நின்றால், ஆமாம் ஆமாம் என்று தலையை மேலும் கீழும் ஆட்டுகிறது. கடலுக்குள் போனவை எத்தனை என்று அதற்கு இன்றுவரை தெரியாது. அந்த வருடம் கரை ஏறி வந்தவை பதினேழு.