மழைக்கு விடுமுறை விட்ட கொக்கு

கருவேலங்குளத்தில் ஒரு பாட்டுக்காரத் தவளை இருந்தது. மழை வந்தால் அதன் தொண்டைதான் முதலில் திறக்கும். அக்கரையில் மேயும் எருமைகூடத் தலையாட்டிக் கேட்கும்.

அந்த வருடம் தவளைக்குப் பெரிய துக்கம். அதன் பிள்ளைகளான முந்நூறு தலைப்பிரட்டைகளும் ஒரே காலையில் செத்து மிதந்தன.

"தண்ணியில விஷம் இருக்கு!" என்று அழுதது தவளை.

அந்தக் குளத்தின் பெரிய மனிதர் கொக்கு. "அழாதே! நான் ஆராய்ச்சி பண்ணிச் சொல்றேன்" என்றது.

ஆராய்ச்சி எளிதுதான். ஒரு சிரட்டையில் தண்ணீர் மொள்ள வேண்டும். அதில் நத்தையை விட வேண்டும். தண்ணீர் நல்லதென்றால் நத்தை மூடியைத் திறந்து கொம்பை நீட்டும். கெட்டதென்றால் படாரென்று மூடிக்கொள்ளும். நத்தைக்குப் பொய் சொல்லத் தெரியாது.

கொக்கு பத்து நாள் சோதித்தது. சோதித்த பத்து நாளும் நல்ல வெயில். பத்து நாளும் நத்தை மூடியைத் திறந்து கொட்டாவி விட்டது. நடுவில் இரண்டு நாள் மழை பெய்தது. அந்த இரண்டு நாளும் கொக்கு விடுமுறை விட்டுவிட்டது. இறகு நனைந்தால் அதன் மரியாதை என்னாவது!

"தண்ணி சுத்தம்!" என்று அறிவித்தது கொக்கு. "உனக்குத்தான் பிள்ளை வளர்க்கத் தெரியல!"

குளமே சிரித்தது. தவளைக்கு மானம் போயிற்று.

தவளையின் மனைவி சிரிக்கவில்லை. "என் வயிறு நிறைய முட்டை. அடுத்த மழைக்கு இட்டே ஆகணும். எங்க இடுறது? சொல்லு!" என்றது.

தவளை யோசித்தது. பிள்ளைகள் செத்ததற்கு முதல் நாள் பெரிய மழை. அன்று அது கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தது. பிள்ளைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நண்டு மச்சான்!" என்று நண்பனைக் கூப்பிட்டது. "விஷம் மழையிலதான் வருது. வெயில்ல தேடினா எப்படிக் கிடைக்கும்?"

மூன்றாம் நாள் மதியம் மழை கொட்டியது. தவளைகள் எல்லாம் கூடிவிட்டன. "அண்ணே, பாட்டை எடுத்துக் கொடுங்க!" என்று கத்தின.

பாட்டுக்காரத் தவளைக்குத் தொண்டை நமநமவென்று அரித்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டது. சிரட்டையைத் தள்ளிக்கொண்டு கிளம்பியது. நத்தையை முதுகில் ஏற்றிக்கொண்டு நண்டும் பின்னால் போனது.

குளத்துக்கு மூன்று வாய்க்கால்களில் தண்ணீர் வந்தது. மாந்தோப்பு வாய்க்காலில் நத்தை கொம்பை நீட்டியது. புல்வெளி வாய்க்காலிலும் நீட்டியது. பருத்திக் காட்டு வாய்க்காலில், படார்!

"நத்தையக்கா, திற!" என்றது தவளை.

"மாட்டேன்!" என்றது உள்ளேயிருந்து குரல்.

பருத்திக்கு அடித்த பூச்சிமருந்தை மழை கழுவிக்கொண்டு வந்திருந்தது. தவளையும் நண்டும் அவசரமாக நத்தையை எடுத்து நல்ல தண்ணீரில் விட்டன. அது அப்போதும் மூடியைத் திறக்காமல் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

சத்தம் கேட்டுக் கொக்கு வந்தது, ஒரு தாமரை இலையைத் தலையில் பிடித்துக்கொண்டு. "மழையில என்ன ஆராய்ச்சி? தண்ணி சுத்தம்னுதான் சொன்னேனே!"

"அப்படின்னா சிரட்டையில இருக்கிற இந்தப் பருத்திக் காட்டுத் தண்ணியில ஒரு வாய் குடிங்க!" என்றது தவளை.

கொக்கு சிரட்டையைப் பார்த்தது. மூடிக்கிடந்த நத்தையைப் பார்த்தது. "எனக்கு... இன்னிக்கு விரதம்!" என்றது.

குளம் மறுபடியும் சிரித்தது. இந்த முறை தவளையும் சேர்ந்து சிரித்தது.

நண்டு நேரம் கடத்தவில்லை. வரப்பை உடைத்துத் திட்டு வாங்குவதே அதன் பிழைப்பு. அந்தத் திறமை அன்று உதவியது. பருத்திக் காட்டுத் தண்ணீரைக் கோரைப் பள்ளத்துக்குத் திருப்பிவிட்டு, வாய்க்காலைச் சேற்றால் அடைத்தது.

தவளையின் மனைவி மாந்தோப்பு வாய்க்கால் ஓரத்தில் முட்டையிட்டது. பதினைந்து நாளில் அங்கே வாலாட்டாத தலைப்பிரட்டை ஒன்றுகூட இல்லை. எண்ண முயன்ற நண்டு மூன்று முறை கணக்குத் தப்பி, விட்டுவிட்டது.

அடுத்த மழைக்குச் சிரட்டையைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் வாய்க்காலாக நனைந்தது கொக்கு. தவளை வயிறு வலிக்கப் பாடியது, பிள்ளைகள் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டு.

உண்மையைத் தேடுகிறவர், தமக்கு வசதியான நாளில் அல்ல, அது வெளியே வரும் நாளில் போய்த் தேட வேண்டும்.