சுணங்காத வாத்து

"இந்தக் காய்ச்சல் எப்பத்தானுங்க ஒழியும்?"

கேட்டவர் நாச்சிமுத்து. வயது அறுபத்தொன்று. பறவைக் காய்ச்சலில் தன் பண்ணைக் கோழிகள் அத்தனையையும் குழி தோண்டிப் புதைத்தவர். கோழியைத் தவிர வேறு பிழைப்பு தெரியாது.

கேட்கப்பட்டவருக்கு வயது முப்பத்து மூன்று. டாக்டர் நூருன்னிசா. ஏரிக்கு வலசை வரும் வாத்துகளின் எச்சத்தில் கிருமி தேடுவது அவர் வேலை.

"அது ஒழிஞ்சாத்தானுங்க மறுபடி குஞ்சு இறக்க முடியும். நோய் புடிச்ச வாத்தைக் காட்டுங்க. அதுகளை மட்டும் தீர்த்துட்டாப் போதுமுங்களே!"

நூருன்னிசா அவரிடம் முகக்கவசமும் கையுறையும் கொடுத்தார். பஞ்சுக்குச்சியும் குப்பிகளும் கொடுத்தார்.

"நீங்களே கண்டுபிடிச்சு, அதோட எச்சத்தை எடுத்துட்டு வாங்க ஐயா."

கோழிக்காரர் கண் பொல்லாத கண். ஒரு கோழி தலையைத் தொங்கப்போட்டாலும் தெரிந்துவிடும். ஐந்து நாள் கரையில் காத்துக் கிடந்தார். சுணங்கிய வாத்துகள் மூன்றே மூன்று.

மூன்று குப்பியிலும் ஒன்றுமில்லை என்றது ஆய்வகம்.

"இனி, இருக்கிறதுலயே திடமான வாத்தாப் பாருங்க."

வேண்டாவெறுப்பாகப் போனார். ஊசிவால் வாத்து ஒன்று, இறகெல்லாம் மினுமினுக்க, கரையில் எச்சமிட்டுவிட்டு ஜம்மென்று நீரில் இறங்கியது.

அந்தக் குப்பியில் கிருமி இருந்தது.

நாச்சிமுத்து குப்பியை உற்றுப் பார்த்தார்.

"என் கோழியைக் கொன்னது இதுதானுங்களா?"

"இல்லை, இது அந்தக் கிருமிக்குச் சொந்தம். இந்த வகைக் கிருமி வாத்தை ஒண்ணும் செய்யாது."

"நல்லா மேயுதுங்களே! இன்னும் எத்தனை தேசம் தாண்டிப் பறக்கணும்!"

"பறக்கும். கிருமியும் கூடவே போகும். அடுத்த வருஷம் வர்றப்போ கொஞ்சம் மாறியிருக்கும். நான் ஒரு தடவை பார்த்ததை மறுபடி அப்படியே பார்த்ததில்லை."

"எத்தனை காலமாங்க இப்படி?"

"தெரியாது ஐயா. நாம பார்க்க ஆரம்பிச்சதே நேத்துதான்."

அப்போது ஏரியின் வாத்துகள் மொத்தமாகக் கிளம்பின. கொஞ்ச நேரம் வானமே தெரியவில்லை. நாச்சிமுத்து கைகூப்பினார். எதை நோக்கி என்று அவருக்கே தெரியவில்லை.

பிறகு மெல்லக் கேட்டார்.

"வாத்துக்குள்ள இத்தனை சாதுவா இருந்த கிருமி, எங்கீங்க போய்க் கொல்லப் படிச்சுது?"

நூருன்னிசா திரும்பிப் பார்த்தார்.

"உங்க கொட்டகை ஒண்ணுல எத்தனை கோழி அடைச்சிருந்தீங்க?"

"இருபதாயிரமுங்..."

பாதியில் நிறுத்தினார்.