ஹாப்ஸ் இல்லாத பானை

பெர்னதெத் டீச்சரிடம் பீர் காய்ச்சக் கற்றுக்கொண்டவர்களில் வயதில் மூத்தவர் சவரிராயன். டீச்சரைவிடப் பதினைந்து வயது பெரியவர். ஆனாலும் அவர் ‘டீச்சர்’ என்பார். டீச்சர் அவரை ‘அண்ணே’ என்பார். யார் யாருக்குப் பணிவது என்கிற சிக்கல் அதோடு தீர்ந்தது.

அவர்கள் புதுச்சேரிக்காரர்கள். காய்ச்சியது வீட்டுக்கும் வீட்டுக்கு வருகிறவர்களுக்கும்தான். விற்பனை கிடையாது.

அந்த வருஷம் ஹாப்ஸ் கிடைக்கவில்லை.

ஹாப்ஸ் ஒரு கொடியின் பூ. பீருக்குக் கசப்பைக் கொடுப்பது அது. மாதக்கணக்கில் புளித்துப் போகாமல் காப்பதும் அதுதான். எங்கோ குளிர் தேசத்தில் பூத்து, காய்ந்து, கப்பலேறி வர வேண்டும். அங்கே விளைச்சல் இல்லை என்றார்கள். விலை முதலில் இரண்டு மடங்கானது. பிறகு நாலு மடங்கானது. பிறகு கடைக்காரர் போனை எடுப்பதையே விட்டுவிட்டார்.

சீடர்கள் ஆளுக்கொரு வழி பார்த்தார்கள். ஒருவர் வேப்பம்பூவைப் போட்டார். இன்னொருவர் நிலவேம்பைப் போட்டார். அந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குக் காய்ச்சல் வராது, அவ்வளவுதான் லாபம். மூன்றாமவர் பாகற்காயைப் போட்டுவிட்டு அதைப் பற்றிப் பேச மறுத்தார்.

சவரிராயன் எதையும் போடவில்லை. அவரிடம் ஒரு பாக்கெட் ஹாப்ஸ் மிச்சமிருந்தது. தம்பிக்காக வைத்திருந்தார்.

தம்பி லெயோன் பிரான்சில் இருந்தான். அம்மா இறந்தபோது அவன் வந்து சேர்வதற்குள் அண்ணன் அடக்கத்தை முடித்துவிட்டார். மே மாத வெயில். ஐஸ் பெட்டி கிடைக்கவில்லை. இனியும் வைத்திருக்கக் கூடாது என்று நாலு பேர் சொன்னார்கள், இவரும் தலையாட்டினார். லெயோன் விமான நிலையத்திலிருந்து நேரே கல்லறைக்குப் போனான். கல்லறையிலிருந்து நேரே விமான நிலையத்துக்குப் போனான். அதோடு பேச்சு நின்றது.

இப்போது அம்மாவின் நினைவுப் பூசைக்கு வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தான். தங்குவது ஓட்டலில். இரண்டே நாள்.

லெயோனுக்கு நல்ல பீர் பிடிக்கும். முன்னால் ஒரு பாட்டிலை வைத்தால் மரியாதைக்காவது உட்காருவான் என்பது சவரிராயனின் நினைப்பு. அவனை உட்காரவைக்க வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் காலையில் அந்தப் பாக்கெட்டோடு டீச்சர் வீட்டுக்கு வந்தார்.

“மோந்து பாருங்க டீச்சர்.”

டீச்சர் மோந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“கெட்டுப்போன சீஸ் மாதிரி நாறுது.”

“ஆமா.”

“காத்துப் பட்டா ஹாப்ஸ் போயிடும்னு படிச்சுப் படிச்சு சொன்னேனா இல்லையா? ஏன் திறந்தீங்க?”

“இருக்கான்னு பார்க்கத்தான்.”

“ஃப்ரீசர்ல வெச்ச பாக்கெட் எழுந்து நடந்தா போயிடும்? எத்தனை தடவை திறந்தீங்க?”

“தினமும். விலை ஏறிடுச்சுன்னு யாராவது சொன்னா இன்னொரு தடவை.”

“இருந்துச்சா?”

“இருந்துச்சு டீச்சர்.”

“இப்ப?”

சவரிராயன் பாக்கெட்டை நீட்டினார்.

டீச்சர் பாக்கெட்டை வாங்கி, கொல்லையில் வாழை மரத்தடியில் கொட்டிவிட்டு வந்தார்.

“உங்ககிட்ட ஒரு பிடி இருந்தா...” என்று இழுத்தார் சவரிராயன்.

“என்கிட்ட ஏது? தட்டுப்பாடுன்னு காதுல விழுந்ததுமே இருந்ததை எல்லாம் ஒரே பானையில போட்டேன். எல்லாரையும் கூப்பிட்டேன். நீங்களும்தான் வந்தீங்க. மூணு டம்ளர் குடிச்சீங்க.”

“நாலு,” என்றார் சவரிராயன். அவருக்குப் பொய் வராது. “தட்டுப்பாடு வர்ற நேரத்துல யாராவது எல்லாத்தையும் போடுவாங்களா டீச்சர்?”

“நல்லா இருந்துச்சா, இல்லையா?”

“ஜென்மத்துல அந்த மாதிரி குடிச்சதில்ல.”

“அப்ப சரி.”

சவரிராயன் நாற்காலியில் உட்கார்ந்தார். கைகள் சும்மா மடியில் கிடந்தன.

“கேலி பண்ணாதீங்க டீச்சர். கையில ஒண்ணுமே இல்லாம, நான் அவனை எப்படி வீட்டுக்குள்ள கூப்பிடுவேன்?”

டீச்சர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு டம்ளர். அதில் கலங்கலாக, மஞ்சளாக, நுரைத்த எதுவோ இருந்தது.

சவரிராயன் குடித்தார். நாக்கில் வைத்து யோசித்தார். மறுபடியும் குடித்தார்.

“கசப்பே இல்லையே.”

“ஹாப்ஸ் இல்ல. பார்லி, ஈஸ்ட், கொஞ்சம் இஞ்சி, எலுமிச்சைத் தோல். அவ்வளவுதான்.”

“அப்பத்தான் சுட்ட ரொட்டி மாதிரி வாசனை. நல்லாத்தான் இருக்கு டீச்சர்!” முகம் மலர்ந்துவிட்டது. “இன்னிக்கே ஒரு பானை போட்டு பாட்டில்ல அடைச்சு வெச்சிடறேன். அவன் வர இன்னும் ஒரு மாசம் இருக்கு.”

“புளிச்சுப் போயிடும். காக்கிறதுக்கு ஹாப்ஸ் இல்லையே. ஆன உடனே குடிக்கணும்.”

“அப்ப எப்பத்தான் போடறது?”

“அவர் வீட்டுக்குள்ள வந்த பிறகு.”

“வந்த பிறகா? ஆக ஒரு வாரம் பிடிக்குமே. அதுவரைக்கும் அவன் கையில என்னத்தைக் குடுக்கிறது?”

“மரக்கரண்டி,” என்றார் டீச்சர்.

லெயோன் வந்தான். பூசை முடிந்ததும், ஊரார் பார்க்கிறார்கள் என்பதற்காக, அண்ணன் வீட்டு வாசல்வரை வந்தான். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. உள்ளே வந்தவன் உட்காரவில்லை.

அடுப்பில் பெரிய பானை. முளைகட்டிக் காயவைத்த பார்லி வெந்நீரில் மிதந்தது. சவரிராயன் கரண்டியை நீட்டினார்.

“என்ன இது?”

“கிண்டு. கட்டி தட்டிடும்.”

“நான் உக்காரக்கூட வரல.”

“உக்காந்துகிட்டு கிண்ட முடியாதுப்பா.”

லெயோன் கரண்டியைப் பார்த்தான். பானையைப் பார்த்தான். ஒரு பானை அடிபிடிக்கப் போகிறது என்றால் அந்த வீட்டுப் பிள்ளைகளால் சும்மா நிற்க முடியாது. அம்மா வளர்த்த வளர்ப்பு அது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிண்டினான்.

“எப்பக் குடிக்கலாம்?”

“ஒரு வாரம் ஆகும்.”

“நான் நாளைக்குப் போறேன்.”

“அப்பக் குடிக்க முடியாது. எடுத்துட்டும் போக முடியாது, புளிச்சிடும்.”

லெயோன் வேகமாகக் கிண்டினான். வடிகட்டி, இஞ்சியும் எலுமிச்சைத் தோலும் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து ஈஸ்ட் போடும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. சட்டையின் வெள்ளை போயே போய்விட்டது.

மறுநாள் லெயோனை ஓட்டலிலிருந்து விமான நிலையம் கொண்டுபோக வேண்டிய கார் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றது.

“பொங்குதா இல்லையான்னு ஒரு தடவை பார்த்துட்டுப் போறேன்,” என்றான் லெயோன்.

மூடியில் காதை வைத்தான். உள்ளே முணுமுணுவென்று சத்தம். சவரிராயனும் அந்தப் பக்கம் குனிந்து காதை வைத்தார். டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். பிறகு பெட்டியை இறக்கி வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வெயிலில் பானை சூடேறாமல் இருக்க அதைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, மேலே ஈரத் துணி சுற்ற வேண்டும். துணி காயக் காய நனைக்க வேண்டும். பகலெல்லாம் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். அதிகம் பேச்சில்லை. “இந்தப் பக்கம் காஞ்சிடுச்சு.” “தெரியுது.” இவ்வளவுதான்.

ஒரு மத்தியானம், துணியைப் பிழிந்துகொண்டே லெயோன் கேட்டான்.

“அம்மாவுக்கு அன்னிக்கு என்ன புடவை கட்டினீங்க?”

“நீ அனுப்பின நீலப் புடவை.”

“அதைக் கட்டவே மாட்டேங்கிறான்னு சொன்னியே.”

“எடுத்து எடுத்துப் பார்த்துட்டு மடிச்சு வெச்சிடுவா. அன்னிக்குத்தான் புதுசாக் கட்டினோம்.”

லெயோன் வெகுநேரம் துணியைப் பிழிந்தான். அதில் தண்ணீரே இல்லை.

“உனக்காக இன்னும் கொஞ்சம் பிடிவாதம் பிடிச்சிருக்கணும்டா நான்,” என்றார் சவரிராயன்.

“ஆமா, பிடிச்சிருக்கணும்,” என்றான் லெயோன். பிறகு, “துணியை இப்படிக் குடு, நீ சரியாச் சுத்தல,” என்றான்.

பீர் ஆனது. ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்க முடியாதது என்பதால் தெருவையே கூப்பிட்டார்கள். கொஞ்சம் நீர்த்திருந்தது, லேசாகப் புளித்தது. யாரும் குறை சொல்லவில்லை. பாகற்காய் போட்டவர் கண்ணில் நீர் முட்ட, இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

சில வாரம் கழித்துக் கப்பல் வந்தது. கடைக்காரர் தானாகவே போன் செய்தார். சவரிராயன் புது பாக்கெட் ஒன்றை வாங்கி, பிரிக்காமல், டீச்சர் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

“யாருக்கு டீச்சர் நன்றி சொல்றது? உங்களுக்கா, இத்தனை நாள் வராம இருந்த கப்பல்காரனுக்கா?”

“கப்பல்காரன் போனை எடுக்க மாட்டான். எனக்கே சொல்லுங்க.”

சவரிராயன் எழுந்து நின்று, இரண்டு கையையும் கூப்பிச் சொன்னார். டீச்சர் அதைக் கேலி செய்யாமல் வாங்கிக்கொண்டார்.

“இனிமே கவலையில்ல டீச்சர். மறுபடியும் பழையபடி காய்ச்சிடலாம். எத்தனை மாசம் ஆனாலும் கெடாது.”

டீச்சர் பாக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“உங்க தம்பி எப்பக் கிளம்பறார்?”

“தெரியல. நான் கேக்கல, அவனும் சொல்லல. பெட்டியை மாடிக்குத் தூக்கிட்டுப் போயிட்டான்.”

டீச்சர் பாக்கெட்டைத் திருப்பி அவர் கையிலேயே வைத்தார்.

“அப்ப கெடாத பீர் எதுக்கு அண்ணே உங்களுக்கு?”